அணைக்க இன்னொரு கை

— சிவப்பு லைட்டா பச்சை லைட்டான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க ஃபெர்மாக் ஐயா. அரை மணி நேரமா ரெண்டையும் மாத்தி மாத்தி கையில வச்சுப் பாக்கறீங்க. பாத்துக்கிட்டே இருந்தா எதுவும் மாறிடாது.

— நீ எதுக்கு நிக்கற, ராகேல்? இந்தக் கூட்டுறவுக் கடையில துப்பாக்கிச் சாமான் விக்கறது நீதானே. நரிக்கு எது ஆகும், அதைச் சொல்லு.

— எங்கிட்ட கேட்டா சிவப்புதான். பச்சை நம்ம கண்ணுக்கு நல்லாத் தெரியும். புல்லு, கல்லு, வேலிக்கம்பி எல்லாத்தையும் பளிச்சுன்னு காட்டும். ஆனா நரி சுதாரிச்சுக்கும். சிவப்புன்னா அது பாட்டுக்கு கிட்ட வரும். தூரந்தான் கொஞ்சம் கம்மி.

— தூரம் எனக்கு வேணாம். கூப்பிட்டு வரவச்சு அடிக்கறவன் நான். அடிபட்ட முயல் கத்தற மாதிரி ஊதினா நூறு எட்டு வைக்கற தூரத்துக்குள்ள வந்து நிக்கும். சுவிட்சு எங்க இருக்கு இதுல?

— பின்னாடி மூடியில ஒண்ணு இருக்கு, அது வேணாம். அழுத்தினா டிக்குனு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கே திரும்பி ஓடிரும். இந்த ஒயரோட நுனியில பட்டையா இருக்கு பாருங்க, இதுவும் சுவிட்சுதான். துப்பாக்கிக் கட்டையில நீங்க கை வைக்கற எடத்துல ஒட்டிக்கலாம். கட்டைவிரல் வச்சா எரியும், எடுத்தா அணையும்.

— என் கட்டைவிரல்.

— உங்க கட்டைவிரல்தான். வேற யாரோடது?

— அதுதான் வேணும் எனக்கு. வேற எவன் கையும் அதுல படக்கூடாது. கட்டிக் குடு.

— கட்டறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா ஐயா?

— லைட்டை மாட்டற கிளாம்பைப் பத்திக் கேளு. வேற ஒண்ணும் கேக்காத.

— கிளாம்பு, குறி பாக்கற ஸ்கோப்புக்கு மேல மாட்டறது. கீழ மாட்டினா குழல்ல வெளிச்சம் பட்டு உங்க கண்ணுலயே திருப்பி அடிக்கும். பத்து குண்டு போட்டதும் திருகாணியை ஒருதடவை இறுக்கிக்கணும். ஆச்சு, கிளாம்பு முடிஞ்சுது. இப்ப நான் கேக்கறேன். பத்தொம்பது வருசமா எங்க வீட்டுக்காரரு உங்க வண்டிமேல நின்னு லைட்டு பிடிக்கறாரு, பக்கத்துல நின்னு நீங்க அடிக்கறீங்க. இப்ப எதுக்கு இந்த லைட்டு?

— நிக்லாசுக்கு இருமல். ராத்திரிக் குளிரு ஒத்துக்கல.

— ராத்திரி பூரா என் பக்கத்துல படுத்திருக்கற மனுசன் ஐயா அவரு. இருமலெல்லாம் இல்ல. தூக்கந்தான் இல்ல.

— அப்ப அவங்கிட்டயே கேட்டுக்கோ.

— கேட்டேன். மூணு வாரம் கேட்டேன். நேத்து வரைக்கும் ஒரு வார்த்தை வாங்க முடியல.

— நேத்து வரைக்கும்னா? நேத்து என்ன சொன்னான்?

— மொதல்ல நீங்க சொல்லுங்க. பகல்ல உங்க பண்ணையில வேலி கட்டறாரு, தண்ணித் தொட்டி கழுவறாரு. நீங்க காலையில ஒரு வணக்கம், அவரு சாயங்காலம் ஒரு வணக்கம். அவ்வளவுதான் பேச்சாம். ரெண்டு பேரும் ஒரே டம்ளர்ல காபி குடிச்ச ஆளுங்க.

— கேட்டுக்கோ, ராகேல். இது ஆடு குட்டி போடற மாசம். மூணு வாரத்துல இருபத்திமூணு குட்டி போயிருச்சு. காலையில போனா பால் குடிச்ச வயித்தை மட்டும் தின்னுட்டு மிச்சத்தைப் போட்டுட்டுப் போயிருக்கு. தாய் ஆடு அந்த மிச்சத்துக்கிட்ட நின்னுக்கிட்டு கத்துது. விரட்டினாலும் நகர மாட்டேங்குது. இதைத் தெனமும் பாத்துட்டு வந்து நான் யாருகூட உக்காந்து காபி குடிக்கணும்ங்கற?

— அது வயித்தெரிச்சல்தான் ஐயா. நான் இல்லைன்னு சொல்லல.

— உன் வீட்டுக்காரன் அன்னிக்கு ஒழுங்கா இருந்திருந்தா இதுல பாதி நடந்திருக்காது.

— என்ன பண்ணிட்டாரு?

— லைட்டை அணைச்சுட்டான்.

— அணைச்சா?

— என்ன அணைச்சான்னு கேக்கற. உனக்குத் தெரியாதா எங்க வழக்கம்? நான் துப்பாக்கியை வண்டிக் கூரைமேல வச்சுக்கிட்டு நிப்பேன். அவன் லைட்டை மேலாக்கப் பிடிச்சு, நடு வெளிச்சம் தரையில படாம, ஓரத்து வெளிச்சத்துலயே மெல்ல சுத்திக்கிட்டு வருவான். கண்ணு மின்னும். அது ஆடா, முயலா, நரியான்னு அவன்தான் சொல்லணும். ஆட்டுக் கண்ணு அப்படியே நிக்கும், மொறைச்சுப் பாக்கும். நரி பாக்கும், தலையைத் திருப்பும், மறுபடி பாக்கும். அவனுக்கு அது எழுத்துப் படிக்கற மாதிரி. நரின்னா வெளிச்சத்தை எறக்கி அதுமேல வைப்பான், 'போடு'ம்பான். அவன் 'போடு'ன்னு சொல்லாம நான் சுடறதில்லை. இத்தனை வருசத்துல ஒருதடவை சுட்டதில்லை.

— அதைத்தான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வாரு. பண்ணை ஐயாதான், ஆனா வண்டிமேல ஏறிட்டா நான் சொல்றதைத்தான் கேப்பாருன்னு.

— கேட்டேன்ல. கேட்டதுக்குக் கூலி என்ன தெரியுமா. அன்னிக்கு, மூணு வாரம் முன்னாடி செவ்வாக்கிழமை, காத்தாடி தண்ணி எறைக்கற தொட்டி இருக்கற மேய்ச்சக்காட்டுல நிக்கறோம். நல்ல காத்து. ஊதி ஒரு கால் மணி ஆச்சு. தொட்டிச் சுவருக்கு அடியில ரெண்டு கண்ணு. இவன் வெளிச்சத்தை எறக்கினான். நான் பாத்தேன். ஸ்கோப்புக்குள்ள நெறஞ்சு நிக்குது. மூச்சை விட்டு நிறுத்திட்டேன். 'போடு'ம்பான்னு காத்திருக்கேன். சொல்லல. சரி, நமக்குத் தெரியாததான்னு நான் விசையில விரலை வச்சேன். பட்டுன்னு அணைச்சுட்டான்.

— அப்பறம்?

— அப்பறம் என்ன. இருட்டு. நான் பேர் சொல்லிக் கூப்பிடறேன், அவன் பாட்டுக்கு வண்டியில இருந்து குதிச்சு தொட்டிப் பக்கம் நடந்து போறான், கையில லைட்டு இருக்கு, அதைப் போடாமயே போறான். அரை மணி நேரம். திரும்பி வந்து, 'போயிருச்சு ஐயா'ங்கறான். அவ்வளவுதான். லைட்டை என் காலுக்குக் கீழ வச்சுட்டு, 'இனிமே ராத்திரிக்கு என்னைக் கூப்பிடாதீங்க'ன்னான்.

— நீங்க ஏன்னு கேக்கலையா?

— எதுக்குக் கேக்கணும்? என் துப்பாக்கி, என் காடு, என் ஆடு. லைட்டு பிடிக்கறவனுக்கு அணைக்கற உரிமை எவன் குடுத்தான்?

— நீங்கதான் குடுத்தீங்க ஐயா. சுவிட்சு அவரு கையிலதானே இருந்துது.

— அதான் இப்ப என் கைக்கு எடுத்துக்கறேன். கட்டு.

— கட்டறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா கடைக்காரியா நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். இதை மாட்டிட்டா, எதைப் பாக்கணும்னாலும் நீங்க துப்பாக்கியை நீட்டித்தான் பாக்கணும். ஆட்டைப் பாக்கணும்னாலும், வேலியைப் பாக்கணும்னாலும், யாரு வர்றதுன்னு பாக்கணும்னாலும் குழல் அங்கதான் திரும்பும். அதனால தேடறதுக்குத் தனியா ஒரு சின்ன லைட்டைத் தலையில மாட்டிக்கங்கன்னு எல்லாருக்கும் சொல்லுவேன். பாதிப்பேரு வாங்கறதில்ல. சோம்பேறித்தனம்.

— எனக்கும் வேணாம்.

— தெரியும். அப்பறம் காலையில வந்து, நரின்னு நெனச்சேன்னு சொல்லுவாங்க. போன மாசம் ஊர் ஊராப் போற கழுதை வண்டிக்காரங்களோட நாய் மூணு. ரோட்டோரம் கூடாரம் போட்டுக் கெடந்தாங்க, ஆட்டு மயிரு வெட்டற வேலை தேடி வந்தவங்க. காலையில எழுந்து பாத்தா நாய் மூணும் செத்துக் கெடக்குது. சுட்டது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நரின்னு நெனச்சேன்னு சொல்லிட்டாரு, போலீசுக்காரரும் தலையாட்டிட்டுப் போயிட்டாரு.

— அந்த நாய்ங்க நரியைவிட மோசம். வேலிக்குள்ள பூந்தா பத்துக் குட்டியைக் கடிச்சுப் போட்டுட்டுப் போவும், ஒண்ணைக்கூடத் தின்னாது.

— எல்லா நாயும் அப்படி இல்ல.

— உங்க சனங்களோட நாய்னா நீ அப்படித்தான் சொல்லுவ.

— சரிங்க ஐயா.

— என்ன சரிங்க ஐயா. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. மானேஜரைக் கூப்பிடு, அவரு கட்டிக் குடுப்பாரு.

— மானேஜர் கம்பளி ஏலத்துக்குப் போயிருக்காரு. வெள்ளிக்கிழமைதான் வருவாரு. அதுவரைக்கும் நான்தான். நேத்து நிக்லாஸ் சொன்னதைக் கேக்கறீங்களா, இல்ல வெள்ளிக்கிழமை வர்றீங்களா?

— சொல்லித் தொலை.

— நீங்க முந்தாநாள் போன் பண்ணி, துப்பாக்கியில மாட்டற லைட்டு ஒண்ணு எடுத்து வைன்னு சொன்னீங்கல்ல. அதை நேத்து சாப்பிடறப்ப சும்மா பேச்சுவாக்குல வீட்ல சொன்னேன். கையில இருந்த ரொட்டியைக் கீழ வச்சுட்டாரு. எந்திரிச்சு கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு. அப்பறம் பேசினாரு. மூணு வாரத்துப் பேச்சையும் சேத்துப் பேசினாரு. கடைசியில, 'அவருக்கு அந்த லைட்டை விக்காத ராகேல், மொதல்ல வியாழக்கிழமை கண்ணு டாக்டர்கிட்ட அனுப்பு'ன்னாரு.

— எங்க?

— சர்ச்சு மண்டபத்துக்கு. மாசம் ஒருதடவை வர்றாங்கல்ல, கண்ணு பரிசோதிக்கற வண்டி. உங்க பேரை எழுதிட்டேன். ஏழாவது நம்பர். பெரிய எழுத்துல எழுதியிருக்கேன், கோச்சுக்காதீங்க.

— எனக்கு என்ன, கண்ணு தெரியலையாமா?

— கோவப்படாம கேளுங்க. அறுபத்தியாறு வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். எங்க மாமாவுக்கு ஒரு கண்ணுல பால் படிஞ்ச மாதிரி ஆயிருச்சு. எடுத்துட்டாங்க, இப்ப ஊசியில நூல் கோக்கறாரு. நீங்க கண்ணாடி போட்டுட்டு வந்தா வெள்ளிக்கிழமையே நான் லைட்டு பிடிக்க வர்றேன்னு சொல்லச் சொன்னாரு. வெளிச்சத்தைப் பிடிக்கறது நானு, பாக்க வேண்டியது அவருதானேன்னாரு. எனக்கும் அதான் வேணும் ஐயா. பகல்ல வேலி கட்டற கூலி எங்களுக்குப் பெருசில்ல. ஆனா அந்த மனுசன் ராத்திரியானா எங்க வீட்டு வாசல்ல நின்னு உங்க காட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்காரு. குண்டுச் சத்தம் கேக்குதான்னு. அதை நான் எத்தனை நாள் பாக்கறது?

— அந்தப் பெட்டியை இங்க குடு.

— எதுக்கு?

— குடுன்னா குடு. இதோ அடியில எறும்பு மாதிரி எழுதியிருக்கானே. 'மழையில நனையலாம், தண்ணிக்குள்ள போடக்கூடாது. பாட்டரியைத் தீயில போடாதே. ஒரு வருச உத்தரவாதம்.' தலைகீழா பிடிச்சுக்கிட்டுப் படிக்கறேன், பாத்துக்கோ. போதுமா?

— கிட்டப் பார்வை வேற ஐயா.

— சரி, தூரம். அந்தக் கடைசி அலமாரி, குடற்புழு மருந்து. ரெண்டாவது தட்டுல மூணாவது டப்பா. 'குட்டி போடறதுக்கு ஆறு வாரம் முன்னாடி குடு'ன்னு போட்டிருக்கு. போய்ப் பாரு. போ.

— ஐயா...

— போய்ப் படின்னேன்.

— ஆறு வாரம்தான் போட்டிருக்கு.

— சன்னலைத் திற. பெட்ரோல் பங்குக்கு அந்தப் பக்கம் டெலிபோன் கம்பம். மேல ஒரு கழுகுக் குஞ்சு உக்காந்திருக்கு. கழுத்துல இன்னும் வெள்ளை மாறல. பங்குல பெட்ரோல் போடறவன் இடது கால் ஷூவுக்குக் கயிறு இல்ல. உன் காதுக் கம்மல் அஞ்சு கல்லு வச்சது, அதுல வலதுபக்கம் கீழ ஒரு கல்லு இல்ல.

— ஆண்டவரே. எங்க?

— தொட்டுப் பாரு.

— ஆமா, இல்லையே. காலையில இருந்துச்சே. இது எங்கம்மா போட்டது ஐயா. எங்க விழுந்துச்சோ தெரியலையே.

— பெருக்கறப்ப தேடு. இப்ப சொல்லு, எவன் கண்ணு போச்சு?

— உங்க கண்ணு போகல. ஒத்துக்கறேன். வயசுப் பையனுக்குக்கூட இப்படித் தெரியாது. இதை நிக்லாஸ்கிட்ட சொன்னா நம்ப மாட்டாரு.

— நம்ப வேணாம். கட்டு.

— அப்ப லைட்டு மேலதான் தப்பு. அதுதான் விசயம். சொல்லப்போனா எனக்கு இப்பதான் மனசு லேசாச்சு.

— எந்த விசயம்?

— அவரு அணைச்ச விசயம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னாரு. கண்ணாடி போட்டுக்கிட்டாருன்னா சொல்ல வேண்டிய அவசியமே இல்லைன்னாரு. ஆனா நீங்க டாக்டர்கிட்டயும் போக மாட்டீங்க, இதையும் மாட்டிக்கிட்டுத் தனியாப் போகப் போறீங்க. நான் சொல்லாம விட்டு ஏதாவது ஆச்சுன்னா அப்பறம் நான் எப்படி நிம்மதியா இருக்கறது. உக்காருங்க ஐயா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க.

— நின்னே கேக்கறேன்.

— அன்னிக்கு அங்க இருந்தது நரி இல்ல. நாய். கெர்ட் கிழவரோட நாய்.

— எந்த கெர்ட்?

— என்ன ஐயா எந்த கெர்ட்ங்கறீங்க. கழுதை வண்டி கெர்ட். முப்பது வருசமா உங்க ஆட்டுக்கு மயிரு வெட்டினவரு. இந்த வருசம் நீங்க மிஷின்காரங்களை வரவச்சுட்டு, பண்ணை வாசல்லயே அவரைத் திருப்பி அனுப்பினீங்கல்ல, அவருதான். அவருக்கு நெஞ்சுல சளி. ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்துக்கிட்டு இருந்திருக்காரு. காத்து தாங்காம உங்க வேலியைத் தாண்டித் தொட்டிச் சுவருக்கு மறைவா கம்பளியைப் போத்திப் படுத்திருக்காரு. நாய் கால்மாட்டுல படுத்திருக்கு. நீங்க ஊதின சத்தம் கேட்டு அது தலையைத் தூக்கியிருக்கு.

— ம்.

— நாய்க் கண்ணு மின்னுது. மனுசன் கண்ணு மின்னாதே. எந்த லைட்டு அடிச்சாலும் மின்னாது. நூறு எட்டுல இருந்து பாக்கறவருக்கு ரெண்டு கண்ணு மட்டுந்தான் தெரியும், பின்னாடி ஆள் இருக்கறது எப்படித் தெரியும்? உங்க மேல என்ன தப்பு? நிக்லாஸ் லைட்டு பிடிக்கறவரு, ஓரத்துல எல்லாம் பாத்துப் பழக்கம், அதனால அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குச் சொல்லக்கூட நேரமில்லையாம். கைதான் அணைச்சிருக்கு. அப்பறம் போய்க் கிழவரைக் கைத்தாங்கலாத் தூக்கி நிறுத்தி, ரோட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்காரு. அதுக்குத்தான் அரை மணி நேரம்.

— கெர்ட் என்ன சொன்னான்?

— அவருக்கு ஒண்ணுமே தெரியாது. வெளிச்சம் அடிச்சுதாம், அணைஞ்சுதாம். யாரோ திருடன்னு நெனச்சுப் பாக்கறாங்க போலன்னு இருந்துட்டாராம். பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு, இப்ப தேவலை. போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உங்களைப் பாத்துக் கையாட்டினாரே, நீங்க கவனிக்கல.

— கவனிச்சேன்.

— தண்ணி கொண்டு வரட்டுமா ஐயா? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு.

— நிக்லாஸ் என்னைப் பத்தி என்ன சொன்னான்? நீ சேத்துச் சொல்லாத. அவன் வார்த்தையில சொல்லு.

— அதுதான் சொன்னேனே.

— அவன் வார்த்தையில.

— 'ஐயா அந்த ஆளைப் பாத்திருந்தா துப்பாக்கியை அப்பவே கீழ வச்சிருப்பாரு. கண்ணு மங்கிப் போச்சு, பாவம், அவருக்கே தெரியல. இதைப் போய் அவருகிட்ட சொன்னா ஒடஞ்சு போயிருவாரு. அவரைப் பத்தி எனக்குத் தெரியும். தெரிஞ்சு செய்யற மனுசன் இல்ல'ன்னாரு. அழுதுட்டாரு ஐயா. கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருசத்துல அவங்கம்மா செத்தன்னிக்கு அழுதாரு, அப்பறம் நேத்துதான்.

— மூணு வாரமா அவன் இதையா நெனச்சுக்கிட்டு இருக்கான்?

— வேற என்ன நெனப்பாரு?

— நான் வேற நெனச்சேன். சாயங்காலம் அவன் வணக்கம் சொல்றப்ப எல்லாம் நான் வேற நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— நீங்க என்ன நெனச்சீங்க?

— அவன் மூஞ்சியைப் பாக்க முடியல எனக்கு. அதான் தனியாப் போறதுன்னு முடிவு பண்ணினேன்.

— கோவமா இருந்தீங்க, அதனாலதானே? இப்பத்தான் விசயம் தெரிஞ்சு போச்சே. இந்த லைட்டை நான் உள்ள வச்சுடறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரை அனுப்பி வைக்கறேன். காபி போட்டுக் குடுத்து அனுப்பறேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு நானே அவருகிட்ட சொல்லிடறேன். கம்மல் கல்லுக் கதையைச் சொன்னா சிரிப்பாரு.

— சொல்லாத.

— ஏன்? சந்தோசப்படுவாரு.

— ராகேல், அந்த நாய்க்கு முன்னங்கால் ஒண்ணு வெள்ளை. கழுத்துல சணல் கயிறு, முடிச்சு இடதுபக்கம்.

— யாரு சொன்னது உங்களுக்கு?

— யாரும் சொல்லல.

— அப்ப நாய்னு தெரிஞ்சுதான்...

— நாய்னு தெரியும். கெர்டோட நாய்னும் தெரியும். வாசல்லயே திருப்பி அனுப்பினதுக்கு நாயை என் குட்டிங்க மேல ஏவி விட்டுட்டான்னு நெனச்சேன். போட்டுட்டு, நரின்னு நெனச்சேன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். இந்த ஊர்ல யாரு கேக்கப் போறா. நீயே சொன்னியே, தலையாட்டிட்டுப் போயிருவாங்கன்னு.

— சரி விடுங்க ஐயா. கோவத்துல மனுசனுக்குப் புத்தி போறதுதான். நாய்தானே. நாய்க்கும் ஒண்ணும் ஆகல. கெர்ட் பின்னாடி இருக்கறது மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க அப்படி நினைச்சிருப்பீங்களா. பழுப்புக் கம்பளி, ஸ்கோப்புல பாத்தா தொட்டிக்கிட்ட ஒரு கல்லு கெடக்கற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். யாரா இருந்தாலும் கல்லுன்னுதான் நெனச்சிருப்பாங்க.

— அவன் எந்திரிச்சு உக்காந்தான், ராகேல். வெளிச்சம் கூசி, கையை இப்படி நெத்தியில வச்சு மறைச்சான். அந்தக் கையில அஞ்சு விரலையும் நான் பாத்தேன். அதுக்கப்பறமும் விசையில இருந்து என் விரலை நான் எடுக்கல.